வாசகர் கேள்வி–பதில்: சபையை நடத்துகிறவர்கள்

சபையை நடத்துகிறவர்களைக் குறித்து வேதம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்டு இம்மாதம் வந்த கடிதங்கள் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. அநேகமாக எல்லாரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருப்பது எனக்கு வருத்தமளித்தது. சபைக்குள் ஒரு கேள்வி கேட்கவே இத்தனை அச்சம் இருக்கிறது. ஊரை மட்டும் குறித்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். வசனங்கள், நம் வீடுகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

கேள்வி: ஐயா, எங்களுடையது நாற்பது குடும்பங்கள் கொண்ட சிறிய சபை. மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த கட்டட நிதியின் கணக்கை நாங்கள் சிலர் கேட்டோம். அடுத்த ஞாயிறே போதகர் பிரசங்க பீடத்திலிருந்து, “கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே என்று எழுதியிருக்கிறது, தாவீது சவுலைத் தொட்டானா?” என்று பேசிவிட்டார். நாங்கள் கேட்டது பாவமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பாவம் இல்லை. உங்கள் போதகர் எடுத்த வசனத்தை, அது இருக்கும் இடத்தில் வைத்தே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 105-ஆம் சங்கீதம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் அலைச்சலைப் பாடுகிறது. “கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாய்” ஊர்விட்டு ஊர் போன அவர்களை எவரும் ஒடுக்காதபடிக்கு, தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்ன வார்த்தைதான் “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்பது. எகிப்தின் பார்வோனும் கேராரின் ராஜாவாகிய அபிமெலேக்கும் சாராளைத் தங்கள் அரண்மனைக்கு அழைப்பித்துக்கொண்ட நிகழ்ச்சிகளை நினைவில் கொண்டால், அந்த வசனம் யாரை நோக்கி விரல் நீட்டுகிறது என்பது தெரிந்துவிடும். நாடும் காவலும் இல்லாதவர்களுக்காக, சிங்காசனத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிப்பு அது. கணக்குக் கேட்ட விசுவாசியின் வாயை அடைக்கச் சபையில் அதிகாரம் உள்ளவரே அதை எடுத்துக்கொள்ளும்போது வசனம் தலைகீழாகிவிடுகிறது.

தாவீதின் கதையையும் பாதியில் நிறுத்தக் கூடாது. என்கேதியின் குகையில் சவுலுடைய சால்வையின் தொங்கலை அறுத்துக்கொண்டதற்கே தாவீதின் மனது அவனை அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதன்பின் அவன் என்ன செய்தான்? குகையைவிட்டு வெளியே வந்து, சவுலைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, முகங்குப்புற விழுந்து வணங்கி, அறுத்த துணியைக் கையில் தூக்கிக் காட்டி, நான் உமக்கு என்ன தீங்கு செய்தேன், ஏன் என் பிராணனை வேட்டையாடுகிறீர் என்று கேட்டான். கர்த்தர் நமக்கு நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்றும் சொன்னான். சவுலோடு 3,000 பேர் வந்திருந்தார்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. தாவீது விலக்கி வைத்தது வாளை மட்டுமே. பிற்காலத்தில் அவனே அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது, தீர்க்கதரிசியாகிய நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையோடு வந்து, “நீயே அந்த மனுஷன்” என்று முகத்துக்கு நேரே சொன்னான். அப்போது தாவீது 105-ஆம் சங்கீதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்றான். அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததாகப் பவுல் எழுதுகிறார். அதனால் பேதுருவின் அப்போஸ்தலப் பட்டம் குறைந்துபோனதாக எவரும் சொல்லவில்லை. மேலும், அபிஷேகம் ஒரு சிலரின் தனிச்சொத்து என்ற எண்ணமே புதிய ஏற்பாட்டில் நிற்காது. “நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று” என்று யோவான் எழுதுவது சபையார் அனைவருக்கும்தான்.

இனிப் பணத்துக்கு வருவோம். நம் ஆலயங்களின் வாசலில் இருக்கும் காணிக்கைப் பெட்டிக்கு வேதத்தில் ஒரு முன்னோடி உண்டு. அது எப்படி வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி பணத்தை ஆசாரியரிடமே விட்டிருந்தார். ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருஷம் வரையில் ஒரு விரிசலும் அடைபடவில்லை. அதன்பிறகே ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, ஜனங்கள் உள்ளே வரும் வலதுபுறத்தில் வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் “ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும்” இருவருமாக வந்து எண்ணிக் கட்டினார்கள். ஓர் அலுவலக மனிதன், ஓர் ஊழியக்காரன்; தனியாக எவனும் எண்ணவில்லை. அதே அதிகாரத்தின் பின்பகுதியில், வேலையை நடத்தினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் இருக்கிறது. உங்கள் போதகர் அடுத்து அந்த வசனத்தை எடுக்கக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: அது தச்சருக்கும் கொற்றருக்கும் கூலி கொடுத்த மேற்பார்வையாளர்களைப் பற்றிய வசனம், ஆசாரியர்களைப் பற்றியதன்று.

பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோக மறுத்தார். சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனை உடன் அனுப்புவதாகக் கொரிந்தியருக்கு எழுதியபோது, “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று காரணமும் சொன்னார். நான் குருவானவராக இருந்த ஒரு சேகரத்தில் (ஒரே குருவானவரின் கீழ் உள்ள ஆலயங்களின் தொகுதியில்), ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் காணிக்கையை எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பைக்குள் போடுவது வழக்கம். பை பூட்டப்படும் வரையில் அந்த மேசையின் பக்கம் நான் போகமாட்டேன். கணக்கில் எப்போதாவது பத்து ரூபாய் குறைந்தாலும் அது என் தலையில் விழவில்லை. அந்த வழக்கத்தால் அதிகப் பயன் அடைந்தவன் நான்தான்.

நீங்கள் செய்யவேண்டியது இது. வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். கணக்குக் கேட்ட நீங்கள் சிலர் சேர்ந்து, என்ன விவரம் வேண்டும் என்பதை ஒரே தாளில் மரியாதையாக எழுதி, முதலில் அவரிடம் நேரில் கொடுங்கள். பதில் வராவிட்டால் சபைக் கமிட்டிக்கும், அதற்கு மேலே யாரேனும் இருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள். “மூப்பனாயிருக்கிற ஒருவனுக்கு விரோதமாக” வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சிகளில்லாமல் ஏற்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னது போதகரைக் காப்பாற்ற. பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அடுத்த வசனத்தில் சொன்னது சபையைக் காப்பாற்ற. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். ஒன்று மட்டும் தனியே சொல்லவேண்டும்: பிள்ளைகளுக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததாகப் புகார் எழுந்தால் இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சபைக்குள் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சபையில் தீமோத்தேயு நிருபம் வாசிக்கப்பட்டபோது, “கண்காணியானவன்” என்ற சொல் வந்ததும் என் அம்மாச்சி முகத்தைச் சுளித்தார். பெரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கம்போடு நின்ற கங்காணிதான் அவருக்கு நினைவு வந்ததாம். சபைத் தலைவருக்கு வேதம் ஏன் இந்தப் பெயரை வைத்தது? (வாசகி, ஹட்டன்)

பதில்: உங்கள் அம்மாச்சியின் முகச்சுளிப்பு, பல விளக்கவுரைகளைவிட வசனத்துக்கு நெருக்கமானது. மூலமொழியில் உள்ள சொல் ‘எபிஸ்கோபொஸ்’. மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். அதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்ட ‘கண்காணி’ பழைய தமிழ்ச் சொல். சோழர் கல்வெட்டுகளிலும் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவரைக் குறிக்க அது வருகிறது. ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் அதே சொல் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவரும், அந்தக் கடனைத் தம் கணக்கில் வைத்துக்கொண்டவரும், தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தமக்கென ஒரு தொகை பெற்றவரும் கங்காணிதான். கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் இருந்தது. அந்த நினைவோடு லயத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சொல் கசக்காமல் எப்படி இருக்கும்?

பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தை அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். அங்கே கண்காணியானவன் “தன் இஷ்டப்படி செய்யாதவனும், முற்கோபமில்லாதவனும், மதுபானப்பிரியமில்லாதவனும், அடியாதவனும், இழிவான ஆதாயத்தை இச்சியாதவனுமாய்” இருக்கவேண்டும் என்று வருகிறது. ‘அடியாதவன்’ என்ற சொல்லைப் பிரசங்கிகள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள். கம்பின் வலி தெரிந்தவர்களுக்கு அது அப்படியே நின்று பேசும். மேற்பார்வை என்பது கையோங்குவதற்கும் கமிஷன் எடுப்பதற்கும் வாய்ப்புத் தரும் இடம் என்பது பவுலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த இரண்டு கதவுகளையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தார்.

அதே வசனத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: கண்காணியானவன் “தேவனுடைய உக்கிராணக்காரனுக்கேற்றவிதமாய்” நடக்கவேண்டும். கிராமத்துக் கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் நெய்யும் அவர் அளந்து கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு இல்லாத அதிகாரம் இல்லை. ஆனாலும் ஒரு படி அரிசிகூட அவருடையதன்று. பந்தியில் ஒருவருக்குப் பரிமாறாமல் விட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். இரவில் மிச்சத்தைக் கணக்குச் சொல்லிச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். வேதம் சொல்லும் சபைத் தலைமை ஏறக்குறைய அந்த இரவு வரைக்குமான வேலை.

இன்னும் ஒன்று. பேதுருவின் முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், முரட்டு எஜமான்களிடம் காரணமின்றி அடி வாங்கிய வேலைக்காரர்களோடு பேதுரு பேசுகிறார். அந்தப் பேச்சை முடிக்கும் இடத்தில் கிறிஸ்துவை “உங்கள் ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்” என்று அழைக்கிறார். அவருடைய “தழும்புகளால் குணமானீர்கள்” என்பது அதற்கு முந்திய வரி. இந்தக் கண்காணியின் உடம்பில் இருப்பது அடித்த கையின் காய்ப்பு அன்று. அடி வாங்கிய தழும்பு. இதை அம்மாச்சி கேட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் சபையை நிறுவிய போதகர், தமக்குப் பின் தம் மகனே சபையை நடத்துவார் என்று அறிவித்துவிட்டார். டிரஸ்டில் இருப்பவர்கள் எல்லாரும் அவர் குடும்பத்தார். ஆரோனுக்குப் பின் அவர் மகன் எலெயாசார் வரவில்லையா என்று கேட்கிறார். என்ன சொல்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஆரோனின் ஆசாரியத்துவம் வம்சவழியாக வந்ததுதான். ஆனால் அந்த வழி கிறிஸ்துவோடு முடிந்துவிட்டது என்பதே எபிரெயர் நிருபம் ஏழாம் அதிகாரத்தின் வாதம். யூதா கோத்திரத்தில் பிறந்த நம் ஆண்டவர் அந்தக் கணக்கின்படி ஆசாரியராகவே இருந்திருக்க முடியாது. எனவே ஒரு கிறிஸ்தவப் போதகர் ஆரோனைச் சான்றுக்கு அழைப்பது பொருந்தாது.

ஜனங்களை நடத்தும் பொறுப்பு எப்படிக் கைமாறியது என்று பார்க்கவேண்டுமானால் மோசேயிடம் போகவேண்டும். கெர்சோம், எலியேசர் என்று அவருக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள். தம் மரணம் அறிவிக்கப்பட்டபோது அவர்களில் ஒருவருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. கர்த்தருடைய சபை “மேய்ப்பனில்லாத மந்தையைப்போல்” இராதபடிக்கு ஒருவனை நீரே ஏற்படுத்தும் என்று கேட்டார். யோசுவா குறிக்கப்பட்டதும், ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக அவனை நிறுத்தி, “உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு” என்று மோசேக்குச் சொல்லப்பட்டது. தாம் உயிரோடு இருக்கும்போதே தம் கனத்தில் ஒரு பங்கைப் பிரித்து இன்னொருவனுக்குக் கொடுப்பது, நாற்பது ஆண்டு நடத்திய மனிதனுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

என்னை அதிகமாக உறுத்துவது சாமுவேலின் கதை. ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் மூன்று கூருள்ள முள்ளோடு ஆள் அனுப்பிப் பலியின் கறியை எடுத்துக்கொண்டதையும், தகப்பன் அவர்களை அடக்காமல் போனதையும் குறித்த நியாயத்தீர்ப்பை, சிறுவனாக இருக்கும்போதே கர்த்தரின் வாயிலிருந்து கேட்டவர் அவர். அந்தச் சாமுவேலே முதிர்வயதில் தம் குமாரர் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் “பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள்”. எங்களுக்கு ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் வந்து நின்றபோது முதலில் சொன்ன காரணமே இதுதான். யாருடைய எருதையும் கழுதையையும் எடுத்துக்கொள்ளாத நேர்மையான மனிதருக்குக்கூடப் பிள்ளைகள் விஷயத்தில் கண் மங்கிவிட்டது. உங்கள் போதகரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டியதில்லை; சாமுவேலுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரலாம் என்று நினைத்தால் போதும்.

போதகரின் மகன் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடவும் கூடாது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டியாகிய லோவிசாளிடமிருந்தும் தாயாகிய ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுல் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்; அதே தீமோத்தேயுவைக் குறித்து லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர் நற்சாட்சி சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. அந்த இரண்டாவது சாட்சி உங்கள் சபையில் கேட்கப்பட்டதா? மகனை வேறொரு சபையில், வேறொரு மூத்தவரின் கீழ் சில ஆண்டுகள் ஊழியம் செய்ய அனுப்பிவிட்டு, பிறகு சபையாரின் கருத்தைக் கேளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். டிரஸ்ட் பத்திரத்தில் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களையும் சேர்க்கும்படி கேட்பதும் நியாயமே.

கேள்வி: எனக்கு வயது 24. வாலிபர் ஐக்கியத்தின் தலைவராக என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம்தான் ஆகிறது. ஏற்றுக்கொள்ளலாமா? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் வயது தடையில்லை. “உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு” என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரே, கண்காணி ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ என்றும் எழுதினார். தடை இருந்தால் அந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது. ஐக்கியத் தலைமை கண்காணிப் பொறுப்பு அன்று என்பதால் கட்டாயமாக மறுக்கவேண்டியதில்லை. இந்த ஆண்டு செயலாளராக இருந்து, மினிட்ஸ் எழுதி, நாற்காலி எடுத்துப்போட்டுப் பழகிவிட்டு அடுத்த ஆண்டு வாருங்கள் என்பது என் சொந்த யோசனை.

கேள்வி: நான் ஒரு சேகரத்தின் குருவானவர், ஏழு கிராமங்களில் ஆலயங்கள். சபையாரோடு நெருங்கிப் பழகினால் மரியாதை போய்விடும் என்று மூத்தவர்கள் சொன்னதைக் கடைப்பிடித்தேன். இப்போது எல்லாம் என்னிடமே வருகிறது, ஆனால் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லை. சோர்ந்துவிட்டேன். (திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் ஊருக்குப் பக்கத்துக்காரர் ஒருவரின் பேச்சை நினைவூட்டுகிறேன். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில், உலகெங்கிலுமிருந்து வந்த மிஷனெரித் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். வெளிநாட்டு மிஷனெரிகள் இந்திய ஊழியரோடு நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய பேச்சு அது. உங்கள் ஆஸ்திகளை அன்னதானம் செய்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்று கொரிந்தியர் நிருபத்தின் அன்பின் அதிகாரத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அந்தப் பேச்சு அவையில் பலரைக் கோபப்படுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரத் துரையின் தூரத்தைக் குறித்து அவர் கேட்டது, இன்று நம் சொந்தக் குருவானவர்களின் தூரத்தைக் குறித்தும் கேட்கவேண்டிய கேள்வியாகிவிட்டது. மரியாதை போய்விடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் யாரிடம் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுவிசேஷத்தில் அது இல்லை. “உங்களைச் சிநேகிதர் என்றேன்” என்பதே அங்கே இருக்கிறது.

வேலைச்சுமையைப் பொறுத்தவரை, ஞானஸ்நானச் சான்றிதழிலிருந்து கல்லறைத் தோட்டத்து வேலித்தகராறு வரை எல்லாமே உங்கள் மேசைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது அன்றாட உதவிப் பங்கீட்டில், விடப்பட்டபோது, பன்னிருவரும் அதைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழுபேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்த கூட்டத்தின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பந்தி விசாரணையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். உங்கள் சேகரத்தில் அதிகமாகக் குறை சொல்பவர் யாரோ, வேலி விவகாரத்தை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தையும் இன்றிரவு வாசியுங்கள். காலமே தொடங்கிச் சாயங்காலமட்டும் ஜனங்கள் மோசேயின் முன்பாக வரிசையில் நின்றார்கள். கூட இருந்த ஆரோனோ, மூப்பர்களோ அது தவறு என்று சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த மாமனார் எத்திரோ, மீதியானின் ஆசாரியன், ஒரே நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்றார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். தேவனுக்குப் பயந்த, பொருளாசையை வெறுக்கிற ஆட்களை ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவராக வைக்கச் சொன்னார். யோசனை சொல்லி முடித்ததும் தம் தேசத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு மாமனாரோ, சேகரத்துக்கு வெளியே இருக்கும் பழைய நண்பரோ இருந்தால், இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து, யார் யார் எதற்காக வருகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.